போறணை மேல் காய்ந்த கொப்பிகள்

வெள்ளம் வடிந்து பத்து நாளாகியும் வீட்டில் சேற்று மணம் போகவில்லை. ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

கொட்டாஞ்சேனை பேக்கரி அண்ணா, முதலில் உங்களுக்குத்தான். பாண் வாங்க வந்தவளிடம், "என்ன தங்கச்சி, பையில தண்ணி சொட்டுது?" என்று கேட்டீர்கள். நீலகிரியில், வெலிங்டன் கோதுமை வயலில், இரண்டு போகம் இலைத்துரு என்ற பூஞ்சண நோயைப் பார்த்துப் பார்த்து எழுதிய நான்கு கொப்பிகள் அதில் இருந்தன. அழுதுகொண்டே நான் சொன்னதில் பாதிதான் உங்களுக்கு விளங்கியிருக்கும். அன்றிரவு பாண் இறக்கியதும், தட்டுகளில் தாள் விரித்து, ஒட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, போறணையின் மேல் பரப்பினீர்கள். "அவசரப்பட்டா கிழிஞ்சிடும்" என்று எனக்கு ஒன்றைக்கூடத் தரவில்லை.

மறுநாள் ஒரு தாளைக் காட்டி, "60 எஸ் என்றா என்ன?" என்றீர்கள். இலையில் 60 வீதம் துரு, பயிர் தாங்கவில்லை என்றேன். "கோப்பிக்கு வந்த மாதிரியா?" மலையகத்தில் பிறந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா! 1869இல் இங்கே இலங்கையில் கோப்பியில் கண்ட பூஞ்சணம் வேறு. ஆனால் இரண்டும் துருதான்.

நான் ஏன் அப்படிப் பதறினேன் என்று அன்று சொல்ல முடியவில்லை. எல்ஆர்34 என்ற மரபணு உள்ள கோதுமையிலும் துரு வரும், மெதுவாக வரும். ஒருநாள் பார்த்தால் தெரியாது. அது உள்ள வரிசை 5, 10, 20 வீதம் என்று ஏறும். அது இல்லாத பக்கத்து வரிசை 5, 40, 80 என்று பாயும். வாராவாரம் குறித்த அந்த எண்கள்தான் சாட்சி. புதுப்புதுத் துரு வகைகள் வந்து மற்ற மரபணுக்களின் எதிர்ப்பை உடைக்கும்போதும், இந்த மெதுவான எதிர்ப்பு விவசாயியோடு நிற்கிறது. போன போகத்தை மறுபடி விதைத்துப் பார்க்க முடியாது அண்ணா. பேனையால் எழுதியது கரைந்துவிட்டது. பென்சிலால் எழுதியது அத்தனையும் உங்கள் தட்டில் திரும்பி வந்தது.

காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணா, உடுப்புத் தந்த மேல்மாடி அன்ரி, வாட்ஸ்அப்பில் பழைய படங்களைத் தேடி அனுப்பிய வெலிங்டன் தோழர்கள், சேறு அள்ளிய பிள்ளைகள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி வயலில் இருந்து ஏறும்போதே அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பாமல் சாப்பிட உட்காரமாட்டேன்.

கடைசிப் பதினொரு பக்கங்கள் இன்னும் உங்களிடம் இருக்கின்றன அண்ணா. வெள்ளிக்கிழமை காலை, பாண் இறங்குகிற நேரத்துக்கு வருகிறேன்.