எஞ்சினை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

பழைய அம்பாசிடரைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, பின்னாலேயே லோடு ஆட்டோவில் வேறொரு எஞ்சினை இறக்கி, "இதைத் தூக்கி அதுல வச்சா சரியாப் போச்சு" என்று சொல்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அப்படித் தனியாக வரும் எஞ்சினை இனிமேல் வேலைக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். காரணத்தை விவரமாகச் சொல்லாமல் திருப்பி அனுப்புவது முறையல்ல. அதற்குத்தான் இந்த மடல்.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. அதுவரை வண்டியின் தோற்றம் பெரிதாக மாறவில்லை. உள்ளே இருந்த எஞ்சின் பலமுறை மாறியது. முதலில் 1,476 சிசி பெட்ரோல், சீக்கிரமே 1,489 சிசி பெட்ரோல், பிறகு அதே அளவில் டீசல், தொண்ணூறுகளில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1,817 சிசி பெட்ரோல், அப்புறம் 1,995 சிசி டீசல். அதனால் "அம்பாசிடர் எஞ்சின்தான், அப்படியே சேரும்" என்று பழைய சாமான் கடையில் சொன்னால், எந்த அம்பாசிடர் என்று கேளுங்கள்.

எஞ்சின் உள்ளே உட்காருமா என்பது சின்ன விஷயம். மவுண்டிங்கை மாற்றி அடித்து உட்கார வைத்துவிடலாம். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில்தான் காசும் நாளும் போகின்றன. கிளட்ச் பிளேட்டின் நடுவில் உள்ள பல்வரிசை கியர் பாக்ஸ் ஷாஃப்டுக்குச் சேர வேண்டும். அதே பிளேட்டின் வெளிவட்டம் எஞ்சினின் பிளைவீலுக்குச் சேர வேண்டும். ஷாஃப்டின் முனை கிராங்கின் பின்துளையில் உள்ள புஷ்ஷுக்குள் நட்டநடுவாக நிற்க வேண்டும். வேறு வேறு வண்டியின் எஞ்சினையும் பாக்ஸையும் இணைக்க நடுவில் தகடு போடுகிறோம். லேத்தில் அந்தத் தகட்டின் மையம் இம்மியளவு விலகினாலும் போதும், வேலை கெட்டது. வண்டி கிளம்பிப் போகும்போது ஒன்றும் தெரியாது. ஓட ஓடப் புஷ் தேயும், கிளட்ச் உதறும், பாக்ஸின் முன்பேரிங் இரையத் தொடங்கும். அப்போது எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும். இசுசு எஞ்சினை அதன் ஐந்து கியர் பாக்ஸோடு சேர்த்து வாங்குங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். அதிலும் ஒரு சங்கதி உண்டு. ஸ்டீரிங்கில் கியர் உள்ள பழைய வண்டிக்கு அந்த பாக்ஸ் வைத்தால் கியர் தரைக்கு வரும், தளத்தை வெட்ட வேண்டும். அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் முழுச் சுமையையும் தாங்குகிறது. வெட்டிய இடத்தைப் பலப்படுத்தாமல் விடமாட்டோம்.

மரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய எஞ்சினில் அங்குல மரை, இசுசுவில் மில்லிமீட்டர் மரை. 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ. இருக்கும். 8 மி.மீ. துளையில் கையாலேயே ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். சேர்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்பானர் போட்டு அழுத்தினால் அலுமினிய ஹவுசிங்கின் மரை போய்விடும். கலந்து போட்ட போல்ட்களோடு வரும் எஞ்சினைப் பார்த்தால் எங்களுக்கு மனசு ஆறாது.

பெட்ரோல் வண்டியில் டீசல் வைக்கக் கேட்பவர்கள் பிரேக்கைக் கட்டாயம் நினைக்க வேண்டும். பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்க வைக்கும் பூஸ்டர் உள்ள பெட்ரோல் வண்டியில் அதற்கு வேண்டிய உறிஞ்சல் எஞ்சினின் மேனிஃபோல்டிலிருந்தே கிடைக்கும். டீசலில் அது கிடைக்காது, தனி வேக்குவம் பம்ப் வேண்டும். பல டீசல் எஞ்சின்களில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கும். விலை குறைவு என்று சாதாரண ஆல்டர்னேட்டர் மாட்டினால் சார்ஜ் ஏறும், பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும். மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கும்போது அது தெரியவந்தால் என்ன செய்வது? இந்த ஒரு விஷயத்தில் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்கமாட்டோம். டேங்குக்கு டீசல் திரும்பும் குழாய், பெரிய பேட்டரி, கூடுதல் கனத்தைத் தாங்க முன்பக்கம் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பியின் சரிபார்ப்பு, இவையும் கணக்கில் வரும்.

பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான, பின் ஹவுசிங்கின் கிரவுன் பினியனும் பழைய எஞ்சினுக்கு ஏற்றதுதான். மெதுவாகச் சுற்றும் டீசலுக்கு அது பொருந்தாமல், நாங்குநேரி நாற்கரச் சாலையில் எஞ்சின் அலறும். டெம்பரேச்சர் மீட்டரும் சென்சரும் ஜோடி மாறினால் முள் பொய் சொல்லும். நம்மூர் வைகாசி வெயிலில் அந்த முள்ளை நம்பித்தான் வண்டி ஓட்டுகிறோம்.

ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் எரிபொருளும் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், மாற்றியபின் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸிலும் சொல்லிவிடுங்கள். வாங்கும் எஞ்சினுக்குப் பில் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

கல்யாண ஊர்வலத்துக்கும் குற்றாலம் போய் வருவதற்கும் மட்டும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் யோசனை வேறு. உங்கள் 1,489 சிசி எஞ்சினையே ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, ஓட்டுங்கள். அதற்கான வேலையை முழு மனதோடு செய்து தருகிறோம்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பணம் கொடுப்பதற்கு முன் வாருங்கள். வண்டி, ஆர்.சி. நகல், வாங்க நினைக்கும் எஞ்சினின் போட்டோ, அதன் பிளாக்கில் வெட்டியிருக்கும் எண், இவ்வளவு போதும். நாங்களே கடைக்கு வந்து அளந்தும் பார்க்கிறோம், அதற்குக் காசு வாங்குவதில்லை. ஞாயிறு தவிர காலை பத்து மணிக்குள் வந்தால் நின்று நிதானமாகப் பேசலாம்.

இப்படிக்கு,
பட்டறையார்,
தச்சநல்லூர், திருநெல்வேலி