உறைபனிக் காலத்தில் பள்ளிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள பெற்றோருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்காகக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து மூன்றாம் பருவம் தொடங்கிவிட்டது. பொங்கலும் கழிந்தது. பனி மட்டும் இன்னும் விடவில்லை. உதகையைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கு ஊர்களில் பிப்ரவரி வரை அது விடுவதும் இல்லை. இந்த மாதங்களில் சின்னப் பிள்ளைகள் காலையில் வந்து தரையில் உட்கார்ந்து எழுத முடிகிறதென்றால், பலருடைய உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. அவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல். அவர்கள் செய்து கொடுத்த வேலை குளிர் முடியும்வரை நிலைக்க, வீடுகளில் கவனிக்க வேண்டியவற்றையும் கூடவே எழுதுகிறோம்.

முதல் நன்றி சமையற்கூடத்துக்கு. கேரட் எடுக்கவும் கழுவவும் போகிறவர்கள் விடியும் முன்பே வண்டியேறிவிடுகிறார்கள். பிள்ளை தானாக எழுந்து, தானாகக் கிளம்பி வர வேண்டிய வீடுகள் இங்கே அதிகம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. மலையூர்களில் அதன் அருமை தை மாதக் காலையில்தான் முழுதாகத் தெரியும். இருட்டிலேயே வந்து அடுப்புப் பற்றவைக்கும் சுய உதவிக் குழுச் சகோதரிகளின் கைப்பக்குவம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு எரித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. அதனால்தான் சமவெளிக் கணக்கில் வைத்த பருப்பு இங்கே நறுக்கென்று நிற்கிறது. அரிசியையும் பருப்பையும் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் ஏற்றி, பிள்ளைகள் வரும்போது ஆவி பறக்கப் பரிமாறுகிறார்கள். ஆறிய பொங்கலைச் சின்னப் பிள்ளை இரண்டு வாயோடு தள்ளிவிடும், சூடாக இருந்தால் தட்டைக் காலி செய்யும்.

குடிதண்ணீர் கொதிக்கவைக்கப் பெரிய பாத்திரமும் விறகும் கொடுத்தவர்களுக்கும் நன்றி. வீட்டில் காய்ச்சும்போது குமிழ் வந்ததும் இறக்கிவிடாதீர்கள். கொதிநிலை குறைவான இந்த உயரத்தில் தளதளவென்று 3 நிமிடம் கொதிக்க வேண்டும். பிறகு மூடியே ஆறவிடுங்கள். குளிரில் பிள்ளைகளுக்குத் தாகம் தெரிவதில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, மாலையில் வயிற்றுவலி என்றும் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்றும் சொல்கிறார்கள். ஸ்டீல் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

தண்ணீர்க் குழாயைக் காப்பாற்றித் தந்த பிளம்பர் அண்ணனுக்கும், உருளைக்கிழங்குச் சாக்குகள் கொடுத்த விவசாயிகளுக்கும் அடுத்த நன்றி. தரைமேல் ஓடும் ஓஸும் வெளிச்சுவர்க் குழாயும்தான் முதலில் உறையும். அதிலும் குழாய் வளையும் எல்போவும் பைப்பின் வாயும் சீக்கிரம் உறையும். உலர்ந்த சாக்கை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உரப்பையை வரிந்து கட்டியிருக்கிறார். மேலுறை கிழிந்து சாக்கு நனைந்தால் காப்பு போய்விடும். ஈரச்சாக்கே குழாயைக் குளிரவைக்கும். மாலையில் தொட்டியடிக் கேட் வால்வை மூடி, கீழே உள்ள பைப்பைத் திறந்து குழாயில் நிற்கும் நீரை வடித்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்ல வழி. அப்படியும் அடைத்துக்கொண்டால் கொதிநீரை ஊற்றக் கூடாது, பிவிசி விரிசல் விடும். பைப்பைத் திறந்துவைத்து, அந்த முனையிலிருந்து தொட்டிப் பக்கமாக வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டே போனால் இளகிவிடும். வீட்டுக் குழாய்க்கும் இதே முறைதான்.

ஒன்று முதல் மூன்று வரை படிக்கும் பிள்ளைகள், அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் தரையில் வட்டமாக உட்காருகிறவர்கள். சிமெண்டுத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மூன்று மடிப்புச் சாக்கை மெத்தைபோல் தைத்துக் கொடுத்த தையற்காரருக்கு எங்கள் அன்பு. வாரக் கடைசியில் இரு பக்கமும் வெயிலில் போட்டு எடுத்துத்தரும் தாய்மாருக்கும் அதே அன்பு. வெயில் காட்டாவிட்டால் ஒரே வாரத்தில் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். சன்னல் இடுக்குகளை அடைத்த தச்சர், மேலேயுள்ள காற்றுத்துளைகளை அடைக்காமல் விட்டிருக்கிறார். அதை யாரும் அட்டை வைத்து மூட வேண்டாம். காற்று மாறாத அறையில் ஒருவர் இருமினால் வகுப்பே இருமும்.

இனி கம்பளிச் சட்டை. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சட்டை இருக்கிறது. அதைத் துவைத்துப் போட்டால், மூடுபனி நாளில் இரண்டு நாளானாலும் காயாது. பிள்ளை ஈரச்சட்டையோடு வரும், இல்லையென்றால் சட்டையே இல்லாமல் வரும். மாற்றுக் கம்பளிச் சட்டைகள் திரட்டிக் கொடுத்த முன்னாள் மாணவர்கள் தீர்த்துவைத்தது இந்தச் சிக்கலைத்தான். சனிக்கிழமை காலையில் துவையுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, படுக்கைவசமாகப் பரப்பிக் காயவிடுங்கள். வெயில் சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். காலரின் உள்பக்கம் பெயர் எழுதுங்கள்.

வெயில் பளிச்சென்று அடிக்கிறதே என்று சட்டையில்லாமல் அனுப்பும் வீடுகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் உறைபனி விழும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை அப்படியே வானத்துக்கு விட்டுவிடும். கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே நல்ல வெயில் நாளின் காலைதான் கடுங்குளிர்க் காலை. மேட்டு வீட்டு வாசலில் ஒன்றும் தெரியாது, வயலோரப் பாதையில் புல் வெளுத்திருக்கும். கனமான ஒரே சட்டையைவிட உள்பனியன், சீருடை, கம்பளி என்று அடுக்காகப் போட்டனுப்புவது நல்லது. மதியம் ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். பனிப்புல்லில் நடந்து காலுறை நனைந்துவிடும், பையில் மாற்று ஜோடி ஒன்று இருக்கட்டும்.

கரி நெருப்பின் ஆபத்தை வீடு வீடாகச் சொல்லிவந்த கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் நாங்கள் சொல்லும் நன்றி உயிர்க் கடனுக்கு ஈடானது. மூடிய அறையில் கரி நெருப்போடு தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. அவர்கள் சொன்னதை இங்கே மறுபடியும் எழுதுகிறோம். வெளியே குளிர்காய்ந்த சட்டியை அறைக்குள் கொண்டுவராதீர்கள். புகை இல்லையே, சாம்பல் பூத்துவிட்டதே என்று நம்பவே கூடாது. கனிந்த கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. வீட்டில் ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலி வந்தால் கதவைத் திறந்து, எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள். சன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் போடுவதிலும் இதே ஆபத்து உண்டு. படுக்கைக்குச் சூடு வேண்டுமென்றால் ரப்பர் வெந்நீர்ப் பையை முக்கால் பங்குக்கு மிகாமல் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துணி சுற்றி வையுங்கள். கொதிநீர் ஊற்றாதீர்கள். பிள்ளை படுக்கும் முன் பையை எடுத்துவிடுங்கள். குளிக்க விளாவும்போது முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர்.

மூடுபனியில் விளக்கைப் போட்டு, பிள்ளைகளைக் கண்டால் நிறுத்திப் போகும் மினி பஸ், ஜீப் ஓட்டுநர்களுக்கும், தோட்டப் பாதையில் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துவரும் தாத்தாமாருக்கும் நன்றி. புத்தகப்பையில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். அடர்நிறக் கம்பளிச் சட்டை பனியில் வண்டிக்காரர் கண்ணுக்குப் படாது. காட்டுமாடு வழியில் நின்றால் விரட்டவும் வேண்டாம், பக்கத்தில் கடக்கவும் வேண்டாம். அது விலகும்வரை தள்ளி நிற்க வேண்டும். கன்று கூட இருந்தால் திரும்பிவிட வேண்டும். அன்றைக்குத் தாமதமாக வந்ததற்கு ஆசிரியர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

காய்ச்சல் நின்று, மருந்தில்லாமலே ஒரு முழு நாள் கழிந்த பிறகு அனுப்புங்கள். சின்னம்மை வந்தால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கான பிறகும், பொன்னுக்கு வீங்கி வந்தால் வீக்கம் தொடங்கி 5 நாள் கழித்தும் வரலாம். வராத நாளுக்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம், பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஜனவரி 26 கொடியேற்றத்துக்குச் சீருடைமேல் கம்பளிச் சட்டை போட்டே வரலாம். பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்றைப் பள்ளியிலேயே மென்று தின்னச் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டு வரட்டும். அன்று உடம்பு சரியில்லை என்றால் விட்டுவிடலாம், விடுபட்டவர்களுக்குப் பின்னொரு நாள் கொடுப்பார்கள். 5 வயது நிறையும் பிள்ளை வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருந்தால் முதல் வகுப்புச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்துவையுங்கள்.

சாக்கு உறைகள் சில இடங்களில் கிழியத் தொடங்கியிருக்கின்றன. உலர்ந்த சாக்கும் உரப்பையும் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் சமையற்கூடத்தில் கொடுத்தால், அடுத்த பனிக்கு முன் கட்டிவிடலாம்.

நன்றியுடன்,
தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர்