மலையாளக் கட்டுரைக்குச் சொல்வள மதிப்பெண் போடும் முன்

பாலக்காடு, இடுக்கி மாவட்டத் தமிழ்வழிப் பள்ளிகளில் மலையாளம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கட்டுரையிலுள்ள வெவ்வேறு சொற்களை எண்ணி, மொத்தச் சொற்களால் வகுத்துச் சொல்வளத்துக்கு மதிப்பெண் போடுவது சுலபம். ஆனால் நிறைய எழுதும் பிள்ளைக்குத்தான் அதில் அடி விழுகிறது. 60 சொல் எழுதியவள் 42 வெவ்வேறு சொற்களைக் கையாண்டால் 0.70. 200 சொல் எழுதியவன் 100 கையாண்டும் 0.50தான். நீளம் கூடக்கூட ‘ஞான்’ (நான்), ‘ஆணு’ (ஆகும்), ‘உண்டு’ போன்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தே தீரும். எல்லோருக்கும் முதல் 60 சொல்லை மட்டும் எண்ணுங்கள். முழுக் கட்டுரையும் வேண்டுமென்றால் வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கையை மொத்தச் சொற்களின் வர்க்கமூலத்தால் வகுக்கலாம்; மேற்சொன்ன இருவருக்கும் 5.4, 7.1 என்று வரும். நீளத்தின் பாதிப்பு இதிலும் முழுக்கப் போகாது, குறையும்.

‘வீட்டில்’, ‘வீட்டிலேக்கு’ இரண்டும் ஒரே சொல். சேர்த்து எழுதியதைப் பிரித்து எண்ணுங்கள். தமிழில் ஒரே ‘க’ எழுதிப் பழகிய கை, மலையாளத்தின் நான்கு ககரங்களில் தடுமாறும்; அந்தப் பிழைக்காகச் சொல்லையே கழித்துவிடாதீர்கள். அதே பிள்ளையின் தமிழ்க் கட்டுரையோடு ஒப்பிடுவதும் ஆபத்து: தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என மூன்றாக நிற்பது மலையாளத்தில் ‘வந்நு’ ஒன்றுதான். வேர்ச்சொல்லை எண்ணாவிட்டால் தமிழ் எப்போதும் வளமாகவே தெரியும்.

எண் குறைவாக வந்தால் காரணம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு. பேருந்திலும் கடையிலும் மலையாளம் கேட்டு வளர்ந்த பிள்ளை சரளமாகப் பேசும், எழுதும்போது தெரிந்த பத்துச் சொல்லுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லே போய்ச் சேர்ந்திருக்காது. இருவரையும் பிரித்தறியப் பத்துச் சொல் போதும். முதல் நாள் சரியான பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து அவற்றை வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். முதலில் 8, பிறகு 3 என்றால் சொல் தெரியும், கைக்கு வரவில்லை. அந்தச் சொற்களைக் கேட்டு வாங்கும் பேச்சுப் பயிற்சி கொடுங்கள். இரண்டிலும் 3 என்றால் வாசிப்பும் கேட்டலும் வேண்டும். இங்கே கட்டுரைப் பயிற்சியைக் கூட்டுவது வீண்.

நினைவில் நிறுத்தத் திணறும் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 4 சொல் போதும். அன்றே, மறுநாள், ஒரு வாரம் கழித்து என மூன்று முறை. நிறப் பெயர்களையெல்லாம் ஒரே நாளில் கொடுத்தால் ஒன்றோடொன்று குழம்பும். பாடநூல் அப்படித்தான் அடுக்கியிருந்தாலும் நீங்கள் பிரித்துக் கொடுக்கலாம்.

அடுத்த பருவத்தில் ஒப்பிடும்போது கதைக்குக் கதை, விவரணைக்கு விவரணை என அதே வகைத் தலைப்பையே கொடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்–மலையாள இருமொழிக் கற்பித்தலில் ஈடுபட்டுள்ள சிலர்