படிவத்தில் இல்லாத ஒரு வரி: தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தரமணியில் உங்கள் அலுவலகம் இருக்கும் கட்டடத்தைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை, வர வேண்டிய வேலையும் இருந்ததில்லை. மருந்தாகக்கூடிய பொருள் கிடைக்குமா என்று, இருபத்திரண்டு ஆண்டுகள் மன்னார் வளைகுடாவின் பாறைகளில் ஒட்டி வாழும் கடற்பஞ்சுகளையும் கடற்பீச்சிகளையும், நத்தை இனத்துக் கடல் முயல்களையும் மெத்தனாலில் ஊறப்போட்டு, வடித்து, ஆவியாக்கி, சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடித் தூணில் பிரித்துப் பார்த்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கு உங்களிடம் ஒரு வேலையும் இருக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தில் எனக்குக் குறையொன்றும் இல்லை. வெளிநாட்டவர் நம் உயிர்வளத்தைத் தொடுமுன் உங்களிடம் கேட்க வேண்டும். காப்புரிமை கோருவோரும் உங்களிடம் வர வேண்டும். வணிகத்துக்கு எடுப்போர் மாநில வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். ஆனால் இந்தியக் கல்லூரியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஆராய்ச்சிக்கென்று நான்கு கிலோ கடற்பஞ்சு எடுக்கும் என்னைப் போன்ற ஆசிரியரை யாரும் எதுவும் கேட்பதில்லை. தீவுகளைச் சுற்றியுள்ள பூங்காப் பகுதிக்குள் போனால் வனத்துறை கேட்கும், அது வேறு கணக்கு. மற்ற இடங்களில் படகு கிடைத்தால் போதும். ஆராய்ச்சிக்கு அந்தச் சுதந்திரம் வேண்டும் என்று அன்று நானே வாதிட்டிருக்கிறேன். இன்றும் அதைப் பறிக்கச் சொல்லவில்லை. எழுதி வையுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து வரும் மருந்து காட்டு மூலிகையிலிருந்து வரும் மருந்தைப் போன்றதன்று. மூலிகை நிறுவனம் ஆண்டுதோறும் காட்டுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். வேரும் பட்டையும் தீர்ந்தால் மருந்தும் தீரும். கடலுக்கு யாரும் திரும்பி வருவதில்லை.

முதல் கதையிலிருந்தே அப்படித்தான். 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் புளோரிடாப் பக்கக் கடலில் கிடைத்த ஒரு கடற்பஞ்சில் வழக்கத்துக்கு மாறான நியூக்ளியோசைடுகளை, அதாவது மரபணுப் பொருளின் கட்டுமானத் துண்டுகளைப் போன்றவற்றை, கண்டார். அந்த அமைப்பைப் பார்த்துச் செய்யப்பட்ட சைட்டரபின் 1969இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தப் புற்றுக்கு இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் மருந்து அது. அதற்காக இன்று யாரும் கடற்பஞ்சு பறிப்பதில்லை, எல்லாம் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது.

எரிபுலின் என்ற மருந்தின் கதை இன்னும் கூர்மையானது. அதன் மூலப்பொருளான ஹாலிகாண்ட்ரின் 1980களில் ஜப்பானியக் கடற்பஞ்சிலிருந்து பிரிக்கப்பட்டது. சோதனைகளுக்குப் போதுமான அளவு வேண்டுமென்று நியூசிலாந்துக் கடலில் வேறொரு பஞ்சை ஒரு டன் அள்ளினார்கள். கிடைத்தது சுமார் 300 மில்லிகிராம், கையில் வைத்தால் ஒரு சிட்டிகை. பிறகு வேதியியலாளர்கள் அந்த மூலக்கூறைத் தேவையான பாதிக்குச் சுருக்கி, அறுபதுக்கும் மேற்பட்ட படிகளில் ஆய்வகத்திலேயே கட்டினார்கள். 2010இல் மார்பகப் புற்றுக்கு மருந்தாக வந்தது. பஞ்சின் பங்கு அந்த ஒரு சிட்டிகையோடு முடிந்துவிட்டது.

டிராபெக்டெடின் என்ற புற்று மருந்தும் இப்படித்தான். கரீபியன் சதுப்புநில வேர்களில் ஒட்டி வாழும் கடற்பீச்சியில் கிடைத்தது, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு டன் உயிர் தேவைப்பட்டது. பண்ணை வைத்து வளர்த்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. இப்போது ஒரு பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, அது தரும் பொருளிலிருந்து தொடங்கிச் செய்துகொள்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் கடல் முயலில் கிடைத்த டோலஸ்டாட்டின் என்ற நஞ்சு உண்மையில் அது மேயும் நீலப்பசும்பாசியின் சரக்கு என்று பின்னர் தெரியவந்தது. அதன் சாயலில் செய்த செயற்கைப் பொருளைத்தான் 2011இல் நிணநீர்ப் புற்றுக்கு வந்த மருந்தில் எதிர்ப்புப் புரதத்தோடு கோத்திருக்கிறார்கள். கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து வந்த சைகோனோடைடு என்ற வலி மருந்துக்கு நத்தையே வேண்டாம். இருபத்தைந்து அமினோ அமிலங்களைக் கோக்கத் தெரிந்தால் போதும்.

இந்த எல்லாக் கதைகளிலும் கடலும் கரையும் ஒரே ஒருமுறைதான் மேடைக்கு வருகின்றன, முதல் கைப்பிடி எடுக்கப்படும் அன்று. அதற்குப் பிறகு பஞ்சு, தாளில் வரைந்த மூலக்கூறின் அறுகோணமாகிவிடும். சிலசமயம் பஞ்சுக்குள் வாழ்ந்த நுண்ணுயிரின் மரபணு வரிசையாகி, கணினியில் எழுத்துகளாகப் பயணிக்கும். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காப்புரிமைகளோடு இணைக்கப்பட்ட கிட்டத்தட்ட 13,000 கடல்சார் மரபணு வரிசைகளை எண்ணிப் பார்த்தது. 862 உயிரினங்களுக்கு உரியவை அவை. அவற்றில் 47 சதவீதத்தை ஒரே ஒரு ஜெர்மன் நிறுவனம் பதிவு செய்திருந்தது. அந்த 862 உயிரினங்களையும் கடலில் இறங்கி எடுத்த கைகளை யாரும் எண்ணவில்லை. எண்ண ஏடு வேண்டுமே.

உங்கள் சட்டம் காப்புரிமை நேரத்தில் விழித்துக்கொள்கிறது. அதற்குள் முதல் கைப்பிடி எடுத்து இருபது ஆண்டுகள் ஓடியிருக்கும். எடுத்தவர் யார், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்), எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்தில், எதைப் பார்த்து அதை எடுத்தார் என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். உயிர்வளத்தால் வந்த லாபத்தில் பங்குக்கு உரியவர் அடையாளம் தெரியவில்லை என்று பணம் பல்லுயிர் நிதியில் சேரும். அவரை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை மற்றவர்மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. எழுதாதவன் நானேதான்.

என் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் எனக்குக் கடற்பஞ்சு எடுத்துத் தந்தவர் சங்கு குளிப்பவர். காலில் அலுமினியத் தகடு கட்டி, முகத்தில் கண்ணாடி மாட்டி இறங்குவார். நான் பாடப்புத்தகத்தைக் காட்டி இந்த நிறம், இந்த வடிவம் என்று கேட்பேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் சொன்னார்: "நிறத்தைப் பார்த்து எடுத்தால் குப்பைதான் சார் வரும். எதன் மேல் பாசியும் சிப்பியும் ஒட்டவில்லையோ அதை எடுங்கள். எதை மீன் கொத்தாமல் விடுகிறதோ அதைப் பாருங்கள்." இன்னொன்றை வெறும் கையால் தொட விடவில்லை. தொட்டால் மூன்று நாள் அரிக்குமாம்.

ஓடும் முள்ளும் இல்லாமல், ஓடவும் முடியாமல், பாறையோடு ஒட்டிக் கிடக்கும் உயிர் நஞ்சை வைத்துத்தான் பிழைக்கிறது. வேதிச் சூழலியல் என்று இதற்கு ஒரு துறையே இருக்கிறது, வகுப்பில் நான் நடத்தியும் இருக்கிறேன். அன்றுவரை அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்ப் பயன்படுத்த எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்ன பிறகு எடுத்த மாதிரிகளில்தான் நுண்ணுயிர்களைத் தடுக்கும் சாறு அடிக்கடி கிடைத்தது. அதை வைத்துத்தான் என் முனைவர் பட்டம், என் மாணவர்கள் மூவரின் பட்டம், பத்துப் பதினைந்து கட்டுரைகள்.

அந்தக் கட்டுரைகளின் நன்றியுரையில் நிதி கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், நிறமாலை எடுத்துக் கொடுத்த ஆய்வகம் இருக்கிறது. அவர் இல்லை. செய்முறைப் பகுதியில் "மாதிரிகள் கையால் சேகரிக்கப்பட்டன" என்று ஒரு வரி. அது யாருடைய கை? அவர் பெயர் வந்த ஒரே இடம் கல்லூரி அலுவலகத்தின் செலவுக் கோப்பு. படகு வாடகை, ஐஸ், முக்குளிப்புக் கூலி, வருவாய் முத்திரைமேல் கையொப்பம். அந்தக் கோப்பும் ஐந்து ஆண்டுக்குப் பிறகு கழிவுத்தாள் எடைக்குப் போயிருக்கும்.

உங்கள் படிவங்களில் மரபறிவு பற்றிய கேள்வி உண்டு என்பது எனக்குத் தெரியும். கடல் வேதியியல்காரர்கள் அங்கே "இல்லை" என்று எழுதிவிடுவார்கள், பொய்யென்று நினைக்காமலே எழுதுவார்கள். ஏனென்றால் மரபறிவு என்றதும் எல்லோருக்கும் ஓலைச்சுவடிதான் நினைவுக்கு வருகிறது. சித்த மருத்துவத்தில் சங்கு பற்பம் உண்டு, பவள பற்பம் உண்டு, முத்து பற்பம் உண்டு, கணவாயின் ஓடு கடல்நுரை என்ற பெயரில் உண்டு. எல்லாம் கரையில் ஒதுங்குபவை அல்லது விலைக்கு வந்தவை. பஞ்சையும் பீச்சியையும் நான் பார்த்த ஏடுகளில் காணவில்லை. அவற்றைப் பற்றிய அறிவு மூச்சடக்கி இறங்குபவர்களின் தலையில் இருக்கிறது. அது ஏட்டில் ஏறாததால் அறிவில்லை என்றாகிவிடுமா?

கரையோரத்துக்குப் பணம் திரும்பி வந்ததற்கு உங்கள் வரலாற்றிலேயே நல்ல உதாரணம் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தில் வளர்த்த கப்பாபைகஸ் என்ற கடற்பாசியை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெப்சி நிறுவனத்திடமிருந்து முப்பது லட்சம் ரூபாய்க்கு மேல் பயன்பகிர்வாக, அதாவது வருமானத்தில் ஒரு பங்காக, பெற்றீர்கள். பாராட்டுகிறேன். ஆனால் அது பிலிப்பைன்ஸைப் பூர்வீகமாகக் கொண்ட பாசி. இங்குள்ளவர்கள் அதைப் பெப்சி பாசி என்றே அழைக்கிறார்கள். குருசடைத் தீவின் பவளங்கள்மேல் அது படர்ந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். வந்தேறிப் பாசிக்கு டன் கணக்கு இருந்தது, ஏற்றுமதி ரசீது இருந்தது, அதனால் பங்கு கிடைத்தது. தலைமுறைகளாகப் பெண்கள் எடுத்துவரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும், பாரில் கிடக்கும் பஞ்சும் மில்லிகிராம் கணக்கில் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் ரசீது ஏது? எடையை வைத்துப் பங்கு பிரிக்கும் முறை கடல் வேதிப்பொருளுக்குப் பொருந்தாது.

உள்ளூர் உயிர்வளத்தைப் பட்டியலிடும் ஊராட்சிகளின் மக்கள் பல்லுயிர் பதிவேடு இந்தக் குறையைத் தீர்க்கும் என்பீர்கள். எங்கள் பக்கத்துப் பதிவேடு ஒன்றைப் பார்த்தேன். பனை இருக்கிறது, உடைமரம் இருக்கிறது, ஆட்டினம் இருக்கிறது. கடல் இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது, அதுவும் பெரும்பாலும் மீன் பெயர்கள். தயாரித்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஊராட்சியின் எல்லை அலை தொடும் இடத்தோடு நின்றுவிடுகிறது. ஏழு பாகம் ஆழத்தில் இருக்கும் பார் எந்த ஊருக்குச் சொந்தம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பார்களுக்கெல்லாம் பெயர் உண்டு, பெயர் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது சிறியது. கடலுயிரை ஆராய்ச்சிக்கு எடுக்கும் எவரும், இந்தியரானாலும், அனுமதி கேட்க வேண்டியதில்லை. எடுத்த ஒரு மாதத்துக்குள் உங்களுக்கு ஒரு பக்கத்தில் தகவல் தந்தால் போதும். எந்தப் பார், எவ்வளவு ஆழம், எவ்வளவு எடை, இறங்கி எடுத்தவர் யார், இதை எடுக்கலாம் என்று சொன்னவர் யார். கடைசிக் கேள்விதான் முக்கியம், அதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். எடுத்தவர் விரும்பினால் பெயர் வெளியே தெரியாமல் எண் மட்டும் இருக்கட்டும். மாதிரியில் ஒரு துண்டு, மாதிரிகளைப் பாதுகாக்கச் சட்டப்படி ஒன்றிய அரசு அறிவித்துள்ள களஞ்சியம் ஒன்றில் அதே எண்ணோடு இருக்கட்டும். நாளை அந்தத் துண்டுக்குள் இருக்கும் நுண்ணுயிரிலிருந்தோ அதன் மரபணுவிலிருந்தோ ஏதாவது வந்தாலும் எண் கூடவே போக வேண்டும்.

ஆய்வாளர்கள் முணுமுணுப்பார்கள். படிவம் என்றால் எங்களுக்கு அலர்ஜி. நூறு மாதிரியில் தொண்ணூற்றொன்பது எதற்கும் உதவாது, இதற்கு எதற்கு ஏடு என்பார்கள். ஆனால் உருகுநிலையும் ஒளிச்சுழற்சியும் தசமப் புள்ளி வரை எழுதுகிறவர்களுக்கு ஒரு மனிதரின் பெயரை எழுத நேரமில்லை என்றால் எப்படி நம்புவது? பயன்பகிர்வு விகிதமே பெரும்பாலும் விற்பனையில் ஒரு சதவீதத்தைத் தொடாத நாட்டில், இவ்வளவு பாடு தேவையா என்றும் கேட்கலாம். கட்டுரையில் பெயர் வருவதற்குச் சதவீதக் கணக்கு தேவையில்லை.

ஓய்வுபெற்ற பிறகு என் பழைய நோட்டுப் புத்தகங்களைப் பிரித்து உட்கார்ந்தேன், பதினொன்று இருக்கின்றன. தேதி, காற்று, ஆழம், எடை எல்லாம் இருக்கின்றன. அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு வேதாளையிலும் கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் போய் விசாரித்தேன். எனக்காக இறங்கியவர்கள் நாற்பது பேருக்குக் குறையமாட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள். ஒருவருக்குக் காது கேட்கவில்லை, மூச்சடக்கி இறங்கிய காதுகள். "சார், அந்தப் பஞ்சில் மருந்து வந்ததா?" என்று அவர் மகன்தான் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

இதுவரை பதினான்கு பெயர்கள் கிடைத்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரே மாதிரி எண்ணும் பாரின் பெயரும் எழுதிவிட்டேன். மீதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் இதைப் பெற்றுக்கொள்ளும் பிரிவு எது என்று தெரிவித்தால், இருப்பதை முதலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்