சம்பந்தி வீட்டார் ஒரு நாள் முன்னதாக வந்தால்

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்.

நீ கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் அந்தத் தம்பியின் பெற்றோர் நம் வீட்டுக்கு வரும் நாளில், கூடத்தை அடைத்துக்கொண்டு பழைய வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் போட்டிருக்கும் சித்தப்பாவை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டாய். அதற்குப் பதில் சொல்ல, 1938இல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'யூ காண்ட் டேக் இட் வித் யூ' என்னும் படத்தைத் துணைக்கு அழைக்கிறேன். புலிட்சர் பரிசு பெற்ற நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டு, சிறந்த படத்துக்கும் சிறந்த இயக்குநருக்கும் ஆஸ்கார் வாங்கிய படம் அது.

ஜீன் ஆர்தர் நடித்த ஆலிஸ், தான் வேலை பார்க்கும் நிறுவனத்து முதலாளி கிர்பியின் மகன் டோனியைக் காதலிக்கிறாள். அவள் வீட்டில் ஒருவரும் உலக வழக்கப்படி நடப்பவர் இல்லை. தட்டச்சுப் பொறி ஒன்று முகவரி மாறி வந்து சேர்ந்த ஒரே காரணத்துக்காக அவளுடைய தாய் நாடகம் எழுதத் தொடங்கியவள். எழுதிய தாள்கள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் ஒரு பூனைக்குட்டியை உட்கார வைத்திருப்பாள். தந்தை நிலவறையில் வாணவெடி செய்கிறார். அக்காள் நடனம் ஆடியபடியே வீட்டைச் சுற்றி வருகிறாள். இவர்களுக்கெல்லாம் தலைவர், வேலையை உதறிவிட்டு வந்த தாத்தா. மூட்டுவலியால் நடக்க முடியாதிருந்த லயனல் பேரிமோர் ஊன்றுகோல்களோடு அந்த வேடத்தில் நடித்தார் என்பதை அறிந்த பிறகு, அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

ஆலிஸும் உன்னைப் போலவே, சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வரும் நாளில் எல்லாரும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சொல்லி வைக்கிறாள். டோனியோ, அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், முந்தின நாள் மாலையே தன் பெற்றோரை அழைத்து வந்துவிடுகிறான். அந்தக் குடும்பம் உண்மையில் எப்படியோ அப்படியே அவர்கள் பார்க்கட்டும் என்பது அவன் எண்ணம். நடனம் கற்றுத்தரும் ரஷ்யர் பெரிய முதலாளியைத் தரையில் தள்ளி மல்யுத்தம் காட்டுகிறார், காவலர்கள் நுழைகிறார்கள், நிலவறை வெடி முழுவதும் ஒரே நேரத்தில் வெடிக்கிறது, இரண்டு குடும்பமும் சிறைக்குப் போகிறது. நீதிமன்றத்தில் தாத்தாவின் அபராதத்தை அக்கம்பக்கத்தார் சேர்ந்து கட்டுகிறார்கள். ஆனால் கிர்பி குடும்பம் அந்த வீட்டுக்கு ஏன் போனது என்று நீதிபதி கேட்க, கிர்பியின் மானத்தைக் காப்பாற்றத் தாத்தா வேறு காரணம் சொல்லும்போது, ஆலிஸ் பொறுக்க முடியாமல் எழுந்து நடந்ததைப் போட்டு உடைத்து, டோனியையும் வேண்டாம் என்கிறாள்.

எல்லாரும் இதைத் தாத்தாவின் படம் என்பார்கள். எனக்கு இது ஆலிஸின் படம். டோனியின் எண்ணத்தில் குறை இல்லை. ஆனால் அவமானப்படப் போகிறவளைக் கேட்காமல் அவனாகவே முடிவு செய்தானே, அதை நான் ஏற்கவில்லை. கடைசியில் கிர்பி மௌத்தார்கன் வாசித்து மனம் மாறுவதும் எனக்குச் சற்று அவசரமாகவே படுகிறது. அத்தனை பெரிய முதலாளி அவ்வளவு சுலபத்தில் இளகுவாரா என்ன?

ஆகவே சித்தப்பா இங்கேயேதான் இருப்பார். ஆனால் நீயும் அந்தத் தம்பியும் கலந்து பேசி, அவரைப் பற்றியும், அவர் கல்யாணம் செய்துகொள்ளாததைப் பற்றியும், சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய்ப் பெட்டியைத் திருகும் பழக்கத்தைப் பற்றியும் அவர்கள் வீட்டில் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கேட்ட பிறகும் வருகிறவர்கள் மனமுவந்து வரட்டும்.

அந்தத் தம்பியின் தந்தைக்குச் சர்க்கரை உண்டா என்று விசாரித்து எழுது. அம்மா பால் பாயசம் வைப்பதாக இருக்கிறாள்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா