செயலாளர் ஆண்டறிக்கை: புகைமூட்டத்துக்கு ஆயத்தமாதல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கல் ஒன்றுகூடல் புளோக் கீழ்த்தளத்தில் வழக்கம்போல் நடைபெற்றது. தமிழ்மொழி மாதத்தில் சிறுவர் பேச்சுப்போட்டி நடத்தினோம். தீபாவளிக்கு முதியோர் வீடுகளுக்குப் பலகாரம் கொண்டுசென்றோம். செயற்குழுக் கூட்டங்கள் சில, போதிய வருகை இல்லாமல் தள்ளிப்போயின.

இவ்வாண்டு சங்கம் கூடுதலாக உழைத்தது புகைமூட்ட ஆயத்தப் பணிக்குத்தான். ஏன் இவ்வளவு முனைப்பு என்று சிலர் கேட்டதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்தோனேசியாவின் சுமத்ராவில் வாய்க்கால் வெட்டி நீர் வடிக்கப்பட்ட கரிமண் நிலத்தில் (மட்கிய செடிகொடிகளால் ஆன மண்) தீப்பிடித்தால், அது மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே நீர் ஊற்றி அணைப்பது கடினம். ஜூன் முதல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை இங்கே சிங்கப்பூருக்குக் கொண்டுவருகிறது. 2013 ஜூன் 21 அன்று மூன்று மணிநேரக் காற்றுத்தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகள் மூடப்பட்டன. அப்படியொரு வாரம் வந்தபின் கடைக்கு ஓடினால் முகக்கவசம் கிடைக்காது.

சங்கம் நடத்திய செய்முறை விளக்கத்தில் முதலில் காட்டியது, வீட்டில் ஓர் அறையைப் புகை நுழையாத தூய அறையாக்குவது. ஜன்னல் குறைந்த படுக்கையறை போதும். சன்னல் இடுக்குகளை டேப்பால் ஒட்டி, கதவடியில் ஈரத்துண்டு வைக்க வேண்டும். சமையலறை, கழிவறைக் கண்ணாடிப் பட்டைச் சன்னல்கள் மூடினாலும் காற்றை விடும். அந்த அறைகளின் கதவுகளைச் சாத்தியே வையுங்கள். காற்றுவெளியேற்றும் விசிறி ஓடக்கூடாது. அது உள்காற்றை இழுத்துத் தள்ள, வெளிப்புகை இடுக்குவழி உள்ளே நுழையும். குழாய் வைத்த நடமாடும் ஏர்கான் செய்வதும் அதுவே. சுவரில் பொருத்திய ஏர்கான் உள்காற்றையே சுழற்றுவதால் போடலாம். ஆனால் நுண்துகளை அது வடிகட்டாது. அதற்கு ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டும். 12 சதுர மீட்டர் அறை, 2.6 மீட்டர் உயரம் என்றால், மணிக்குச் சுமார் 160 கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி தேவை. அறைக்காற்று மணிக்கு ஐந்து முறை வடிகட்டப்படும். ஓசோன் வெளியிடும் கருவிகளைத் தவிர்க்கவும். அந்நாட்களில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, எண்ணெய்ப் பொரியல் ஆகியவற்றை நிறுத்துங்கள். கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

24 மணிநேரக் குறியீடு சராசரி என்பதால் சற்றுப் பின்தங்கியே காட்டும். வெளியே போகலாமா, சன்னலைத் திறக்கலாமா என்பதை தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் உங்கள் வட்டாரத்தின் ஒருமணிநேர பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவைப் பார்த்து முடிவெடுங்கள். அது 55க்குள் இறங்கியதும் சன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். என்95 முகக்கவசம் தாடியுள்ளவர்களுக்குச் சரியாகப் பொருந்தாது. குழந்தைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தாது. இதய, நுரையீரல் நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆஸ்துமா மருந்துக் குழலின் காலாவதி நாளை இன்றே பாருங்கள்.

சங்கம் வீடுகளுக்கு இரவல் தந்த சுத்திகரிப்பான்கள் திரும்பியபோது வேதனைப்பட்டேன். ஒன்றில் வடிகட்டியின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. கருவி ஓடியும் காற்று சுத்தமாகியிருக்காது. இன்னொன்றில் ஹெப்பா வடிகட்டியைக் கழுவியிருந்தார்கள். முன்வடிகட்டியை மட்டும்தான் கழுவலாம். ஹெப்பா நனைந்தால் இழைகள் கெட்டுவிடும். விளக்கத்துக்கு வந்திருந்தால் இவை நேர்ந்திரா. அன்று வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உறுப்பினரல்லாத அண்டை வீட்டாரே.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைந்துள்ளது. சந்தா நிலுவை பல வீடுகளில் இரண்டாம் ஆண்டாகத் தொடர்கிறது. மாற்று வடிகட்டிகள் வாங்க ஒதுக்கிய தொகை அதனால்தான் குறைந்தது.

அரங்கம் தந்த வசிப்போர் குழுவுக்கும், துண்டுத்தாள் பகிர்ந்த இளையர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் தனியாக வாழும் முதியோர் ஒவ்வொருவருக்கும் ஒரு கருவி ஒதுக்க விரும்புகிறேன். வடிகட்டி இல்லாமல் அவற்றைக் கொடுப்பதில் பயனில்லை. மே மாத இறுதிக்குள் நிலுவையைப் பொருளாளரிடம் செலுத்துங்கள். கருவி தேவைப்படும் தாத்தா, பாட்டிமார் பெயரையும் வீட்டு எண்ணையும் அதற்குள் என்னிடம் தாருங்கள்.

செயலாளர்