ராணிக் கறையானைக் கொன்றால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், கட்டியின் மற்றச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்களான புற்றுநோய்க் குருத்தணுக்களைப் (ஸ்டெம் செல்) பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நோயியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இத்தகைய பொருளைத் தமிழில் எழுதத் துணிந்தவருக்கும் வெளியிட்ட தங்களுக்கும் முதலில் நன்றி. மேட்டை இடித்துத் தள்ளினாலும் அடியில் ராணிக் கறையான் இருக்கும்வரை புற்று மறுபடியும் எழும். அதுபோலக் கட்டியை வெட்டி எடுத்தாலும் மருந்தால் சுருக்கினாலும் குருத்தணு எஞ்சியிருந்தால் நோய் திரும்பும் என்று கட்டுரையாளர் சொன்ன உவமை, நோயின் பெயருக்குள்ளேயே கிடந்த ஒன்றை எடுத்துக் காட்டியது. ஆனால் ராணியைக் கொல்லும் மருந்து கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அவர் முடித்ததோடு எனக்கு உடன்பாடில்லை. 'அழற்சி', அதாவது காயத்துக்கோ கிருமிக்கோ உடல் காட்டும் வீக்கமும் சிவப்புமான எதிர்வினை, என்ற சொல் கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு முறை, அதுவும் புற்றின் விளைவு என்ற பொருளில்தான் வருகிறது. அது விளைவு மட்டுமன்று, பல இடங்களில் காரணமும் ஆகும்.

கட்டுரையில் சொல்லப்பட்ட இரண்டு ஆய்வுகளும் உண்மையானவை. 1994-ல் டொரான்டோவில் ஜான் டிக் குழுவினர், ஒருவகை ரத்தப் புற்றில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் செல்களுக்கு ஒன்றுதான் சுண்டெலியின் உடலில் நோயைத் தொடங்க வல்லது எனக் கண்டார்கள். 2003-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், மார்பகப் புற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒருவகைச் செல்களில் நூறு மட்டுமே கட்டியை உண்டாக்கப் போதுமாக இருந்தது. மற்ற வகையில் பல்லாயிரம் செலுத்தியும் கட்டி தோன்றவில்லை. கட்டுரை விட்டுவிட்டது அதற்குப் பின் நடந்ததை. 2008-ல் அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேறொரு குழுவினர், எதிர்ப்பாற்றல் மேலும் குன்றிய சுண்டெலிகளில் மெலனோமா என்னும் தோல் புற்றின் செல்களை ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒன்று கட்டியாக வளர்ந்தது. ஆக, எத்தனை செல்களுக்கு ராணியாகும் ஆற்றல் உண்டு என்ற கணக்கு, செல்லைப் போலவே அது விழுந்த மண்ணையும் பொறுத்தது.

அந்த மண்ணைப் பதப்படுத்துவதில் அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. கட்டிகளுக்குள் ரத்த வெள்ளணுக்கள் குழுமியிருப்பதை ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்சோ 1863-லேயே குறித்து, நாட்பட்ட அழற்சி உள்ள இடத்தில் புற்று தோன்றுகிறது என்று கருதினார். 1986-ல் அமெரிக்க நோயியலாளர் ஹெரால்ட் டுவோராக் கட்டியை 'ஆறாத புண்' என்றே அழைத்தார். கையில் காயம் பட்டால் வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. அவை விடுக்கும் வேதிச் செய்திகளால் அடித்தளத்துக் குருத்தணுக்கள் பெருகுகின்றன, புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. புண் மூடியதும் எல்லாம் அடங்கிவிடுகிறது. நாட்பட்ட அழற்சியில் அடங்கச் சொல்லும் கட்டளை வருவதேயில்லை. பெருகு என்ற தூண்டுதல் ஆண்டுக்கணக்கில் நீடிக்க, வெள்ளணுக்கள் உமிழும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் டிஎன்ஏவையும் சிதைக்கின்றன. நாலைந்து நாளில் உதிரும் செல்லில் நேர்ந்த பிழை அதோடு போய்விடும். குருத்தணுவில் நேர்ந்ததோ தங்கிவிடும்.

குடலில் நடந்த இரண்டு ஆய்வுகளைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனெனில் என் மறுப்பு முழுவதும் அவற்றில் இருக்கிறது. குடலின் உட்சுவரில் உள்ள நுண்குழிகளின் அடியில் குருத்தணுக்கள் இருக்கின்றன. அவற்றின் வழித்தோன்றல்கள் மேலேறி, சில நாள் உழைத்து, உதிர்ந்துவிடுகின்றன. 2009-ல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர், ஏபிசி என்னும் காவல் மரபணுவைச் சுண்டெலிகளின் குழியடிக் குருத்தணுக்களில் நீக்கியபோது சில வாரங்களிலேயே கட்டிகள் வளர்ந்தன; மேலேறிவிட்ட செல்களில் நீக்கியபோதோ, தோன்றிய நுண்கட்டிகள் பெரும்பாலும் வளராமல் நின்றுவிட்டன. இதோடு நிறுத்தினால் கட்டுரையாளர் சொல்வதே சரி. ஆனால் 2013-ல் ஜெர்மனியில் ஃப்ளோரியன் கிரெட்டன் குழுவினர், அழற்சியின் தலைமைச் சாவி எனத்தக்க என்எஃப்-கப்பா பி என்னும் புரதத்தின் செயலை, புற்று நோக்கிய மாற்றத்தோடு சேர்த்து முடுக்கிவிட்டபோது, முதிர்ந்து உதிரக் காத்திருந்த செல்களே குருத்தணுவின் இயல்பைத் திரும்பப் பெற்றுக் கட்டியைத் தொடங்கின. கட்டுரையாளரின் உவமையிலேயே சொல்வதானால், சில கறையான் இனங்களில் ராணி இறந்தால் அந்த இடத்துக்கு வேறொன்று வளர்ந்துவிடும். ராணியை மட்டும் குறிவைக்கும் மருந்து எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும், புதிய ராணிகளை உருவாக்கும் சூழல் அப்படியே இருக்குமானால் என்ன பயன்?

இரைப்பையிலும் இதே கதைதான். ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமியை 1984-ல் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்ட பாரி மார்ஷலும், ராபின் வாரனும் 2005-ல் நோபல் பரிசு பெற்றதைப் பலரும் அறிவர். அதற்கு முன்பே, 1994-ல், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அக்கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றை உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்துவிட்டது. அதன் உறவுக் கிருமி ஒன்றைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து ஓராண்டுக்கு மேல் கவனித்த அமெரிக்க ஆய்வாளர்கள், எலும்பு மஜ்ஜையிலிருந்து புறப்பட்ட செல்கள் அழற்சி கண்ட இரைப்பைச் சுவரில் குடியேறி, கடைசியில் அவையே புற்றாக மாறியதை 2004-ல் வெளியிட்டார்கள். பழுது பார்க்க வந்தவையே புற்றாயின. மனிதர்களிடமும் பொதுவாக இவ்வாறே நிகழ்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது, சுண்டெலி சுண்டெலிதான். ஆனால் அழற்சியை அணைத்தால் பயன் உண்டு என்பதற்கு மனிதச் சான்றே இருக்கிறது. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் மக்கள் அனைவரையும் சோதித்து இக்கிருமியை ஒழித்ததில், இரைப்பைப் புற்று தோன்றும் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கிருமி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை என்பதால் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடம் முன்னணியில் வரும் புற்றுகளுள் இரைப்பைப் புற்றும் ஒன்று என்பதால், இது நமக்குத் தொலைவான செய்தியன்று.

அழற்சிதான் காரணம் என்றால் அழற்சி நீக்கி மாத்திரையைத் தினமும் விழுங்கலாமே என்று வாசகர் எவரும் எண்ணிவிடக் கூடாது. மாரடைப்பு கண்ட 10,061 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் அழற்சித் தூதுப் பொருளைத் தடுக்கும் கனாகினுமாப் மருந்தை உயர்ந்த அளவில் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்று மரணம் 77 விழுக்காடு குறைந்தது உண்மை. ஆனால் அம்மருந்து பெற்றவர்களிடம் உயிர்போக்கும் தொற்றுகள் கூடின. நுரையீரல் புற்று ஏற்கெனவே முற்றியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலனும் கிட்டவில்லை. அழற்சியைத் தணிக்கும் ஆஸ்பிரின், பெருங்குடல் புற்று மரபுவழி வரும் லிஞ்ச் என்னும் நோய்க்கூறு உள்ள குடும்பத்தாருக்கு உதவுகிறது. ஆனால் 19,114 முதியவர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், அதை உண்டவர்களிடம் புற்று மரணம் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. எரிகிற அடுப்பின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதைவிட விறகை இழுத்துவிடுவது மேல்.

நம் ஊரில் அந்த விறகு எது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே பன்னாட்டு முகமை 2004-ல் முதல் பிரிவில் வைத்துவிட்டது. ஓயாமல் பாக்கு மெல்லும் வாயில் உட்சுவர் அழன்று, நாரிழைகள் படிந்து, இரண்டு விரல் நுழைய முடியாதபடி வாய் இறுகிப் போனவர்களை மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் புற்றோடு திரும்பி வந்தார்கள். அடுத்த இதழிலாவது இதைப் பற்றித் தாங்கள் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். குருத்தணுக் கட்டுரை வந்த அதே இதழின் பின்னட்டையில், பளபளக்கும் வாசனைப் பாக்கு விளம்பரம் ஒன்று முழுப்பக்கத்தில் இருந்தது. அதையும் தாங்கள் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்.